அடங்கிய குட்டியெல்லாம் பழகிய குட்டி இல்லை

கினிப்பன்றிக் குட்டி வாங்கியவர்களுக்கு எந்தப் பக்கத்திலிருந்தும் கிடைக்கும் அறிவுரை ஒன்றுதான்: “விடுங்க, பழகிடும்.” கடைக்காரர் அதைச் சொல்லித்தான் ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியைக் கையில் கொடுக்கிறார். முன்பே வளர்த்துப் பார்த்த நண்பரும் அதையே சொல்கிறார். இரண்டு மாதம் போகிறது. அதே குட்டி பல்லைக் கடகடவென்று அடித்துக்கொண்டு உறுமுகிறது, கூட இருப்பதைத் துரத்துகிறது, தூக்க வந்த விரலைக் கடிக்கிறது. இப்போது அறிவுரை மாறுகிறது: “அதோட குணமே அப்படி. தனியாப் பிரிச்சுப் போடுங்க, அப்பதான் நம்மகூட ஒட்டும்.”

இந்தக் கருத்துக்கு உள்ள நியாயத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். புது இடத்துக்கு வந்த எந்த விலங்கும் முதலில் மிரளும்; பெரும்பாலான குட்டிகள் சில நாளில் மறைவிடத்தை விட்டு வெளியே வரத்தான் செய்கின்றன. ஒரே ஈற்றில் பிறந்த இரண்டில் ஒன்று துணிச்சலாகவும் ஒன்று கூச்சமாகவும் இருப்பதும் உண்மை. பதற்றத்தில் குட்டியை மணிக்கொரு தரம் தூக்கிப் பார்ப்பவரைவிட, பொறுமையாக விட்டுவிடுபவர் நல்லதே செய்கிறார். இவற்றில் எதையும் நான் மறுக்கவில்லை.

நான் மறுப்பது, ‘பழகிவிட்டது’, ‘குணம் அப்படி’ என்ற இரண்டும் எந்தக் குட்டியின் எந்த மாற்றத்துக்கும் பொருந்திவிடுவதை. சத்தம் போட்டால் இன்னும் பழகவில்லை. நிறுத்தினால் பழகிவிட்டது. கடித்தால் குணம். கடிக்காமல் மூலையில் கிடந்தால் சாது. எதையும் விளக்கிவிடுகிற விளக்கம் எதையும் விளக்குவதில்லை. காரணம் தேட வேண்டிய நேரத்தில் தேடலை நிறுத்துவது மட்டுமே அது செய்யும் வேலை. இளம் கினிப்பன்றியின் நடத்தை மாறுகிறதென்றால் அதற்குக் காரணம் அதன் வயதில் இருக்கும், கூட்டில் இருக்கும், அல்லது உடம்பில் இருக்கும். மூன்றையும் பார்த்து முடிக்காமல் குணத்தின்மேல் பழி போட நமக்கு உரிமை இல்லை.

1. சத்தம் நின்றால் பயம் நின்றுவிட்டது என்று யார் சொன்னது?

ஆண்டிஸ் மலைப் பகுதி மக்கள் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வீட்டில் வைத்து வளர்க்கத் தொடங்கிய விலங்கு இது. அதன் காட்டு உறவினங்கள் இன்றும் தென் அமெரிக்கப் புல்வெளிகளில் சிறு கூட்டங்களாக வாழ்கின்றன. பருந்து, நரி, பாம்பு என்று எல்லாவற்றுக்கும் இரை. எதிர்த்துத் தாக்கும் நகமோ கொம்போ கிடையாது. ஓடி ஒளிவதும் அசையாமல் உறைந்துபோவதும்தான் அதற்குத் தெரிந்த தற்காப்பு. ஆகவே மடியில் கல்போல உட்கார்ந்திருக்கும் குட்டியைக் காட்டி “எவ்வளவு சாது பாருங்க” என்று சொல்பவர், உச்சகட்ட அச்சத்தையே பார்த்துக்கொண்டிருக்கலாம்.

இதைவிட அழுத்தமான சான்று ஆய்வுக்கூடத்திலிருந்து வருகிறது. அமெரிக்காவின் ஓஹியோவில், ரைட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில், மைக்கேல் ஹென்னஸி என்ற ஆய்வாளர் தாயிடமிருந்து பிரிக்கப்பட்ட கினிப்பன்றிக் குட்டிகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். தெரியாத இடத்தில் தனியாக விடப்பட்ட குட்டி முதலில் ஓயாமல் கீச்சிட்டு அழைக்கிறது. ஏறக்குறைய ஒரு மணி நேரம் கழிந்ததும் சத்தம் குறைகிறது. குட்டி உடலைக் குறுக்கி உட்காருகிறது, இமை சரிகிறது, மயிர் சிலிர்த்து நிற்கிறது. நோயுற்ற விலங்கின் தோற்றம் இது. அழற்சியைக் குறைக்கும் பொருள்களைச் செலுத்தியபோது இந்த ஒடுக்கம் குறைந்தது. அதாவது, அந்த அமைதியின் பின்னால் உடலுக்குள் நோய்க்கு ஒப்பான ஒன்று நடந்துகொண்டிருந்தது. அதே பிரிவை மறுநாளும் சந்தித்த குட்டி இன்னும் சீக்கிரம் ஒடுங்கியதே தவிரத் தேறவில்லை.

நம் வீடுகளில் நடப்பதை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தாயிடமிருந்து அப்போதுதான் எடுத்த குட்டி, கடை மேசை, வண்டிப் பயணம், புதுக் கூண்டு. முதல் இரவு கத்தித் தீர்க்கிறது. காலையில் சத்தமில்லை. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி: “பழகிடுச்சு.” காய்ச்சலில் சுருண்டு கிடக்கும் குழந்தையைப் பார்த்து இன்று என்ன சமத்து என்று எந்தத் தாயும் சொல்ல மாட்டாள். சில மணி நேர ஆய்வில் கண்டதை வைத்து, அடங்கிய குட்டி எல்லாமே துன்பத்தில் இருக்கிறது என்று நான் வாதிடவில்லை. தேறிய குட்டியும் ஒடுங்கிய குட்டியும் ஒரே மாதிரி மௌனமாக இருக்க முடியும் என்கிறேன். இரண்டு நிலைக்கும் பொதுவான ஓர் அடையாளத்தை வைத்து ஒரு நிலையை எப்படி உறுதிசெய்வீர்கள்?

பழகிய குட்டிக்கு வேறு அடையாளங்கள் உண்டு. நீங்கள் பக்கத்தில் இருக்கும்போதே தின்னும். கால்களைப் பின்னால் நீட்டிப் படுக்கும். கீரைக் கட்டு வைத்த பை சலசலத்தால் உரக்கக் கூவும். நின்ற இடத்திலிருந்து பொரி துள்ளுவதுபோல் திடீரென்று எகிறிக் குதிக்கும். இளங்குட்டிகள் மகிழ்ச்சியில் செய்வது இது. இவற்றைக் கண்ணால் பார்த்த பிறகு ‘பழகிவிட்டது’ என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். சத்தம் இல்லை என்பது மட்டும் போதாது.

2. மூன்று மாதக் குட்டி குழந்தை என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

ஏறக்குறைய 68 நாள் வயிற்றில் இருந்து, கண் திறந்து, முடியும் பல்லும் முளைத்துப் பிறக்கிறது இந்த விலங்கு. பிறந்த அன்றே ஓடும். இரண்டொரு நாளில் புல்லைக் கடிக்கும். மூன்று வாரத்தில் பால்குடி முடிந்துவிடும். பெண் குட்டி நான்கைந்து வாரத்திலேயே சினைப்பட முடியும். ஆண் குட்டிகளை மூன்று வாரத்திலேயே தாயிடமிருந்தும் சகோதரிகளிடமிருந்தும் பிரிக்க வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான். நாம் குட்டி என்று கொஞ்சிக்கொண்டிருக்கும் இரண்டு, மூன்று மாதத்தில் அது பருவ வயதின் நடுவில் நிற்கிறது.

அந்த வயதில் ஆண் குட்டி தொண்டைக்குள் உறுமிக்கொண்டு இடுப்பை ஆட்டி நடக்கும். அடுத்ததன் மேல் ஏறும், துரத்தும், மூக்கை உயர்த்தி எதிர்த்து நிற்கும், பல்லைக் கடகடக்கும். யார் பெரியவன் என்ற கேள்விக்கு விடை தேடும் முறை இது. பெண் குட்டியும் 15 முதல் 17 நாளுக்கு ஒருமுறை சூட்டுக்கு வரும்போது ஒரு நாள்போல இதே உறுமலும் ஏறுதலும் காட்டும். ஆண் குட்டியைப் பெண் என்று கடைக்காரர் தந்துவிட்டாரோ என்று சந்தேகப்படுபவர்கள் அநேகம். வயது செய்யும் வேலையைக் குணம் என்று எழுதிவைத்துக்கொண்டால், அந்த முத்திரை குட்டியின் வாழ்நாள் முழுவதும், ஐந்தாறு ஆண்டுகள், அதன்மேல் நிற்கும்.

ஜெர்மனியின் மியூன்ஸ்டர் பல்கலைக்கழகத்தில் நோர்பர்ட் சாக்சர், சில்வியா கைசர் ஆகியோர் செய்த ஆய்வுகள் ‘குணம்’ என்ற வாதத்தை இன்னும் ஆழமாக வெட்டுகின்றன. பெரிய கூட்டத்தில், மூத்த ஆண்களின் நடுவே பருவமடைந்த ஆண் கினிப்பன்றிகள் முன்பின் தெரியாத ஆணைச் சந்தித்தபோது பெரிய சண்டை இல்லாமல் ஒத்துப்போயின. ஒரே ஒரு பெண்ணோடு மட்டும் வளர்ந்தவை அதே சூழ்நிலையில் மூர்க்கமாகச் சண்டையிட்டன. அவற்றின் இரத்தத்தில் கார்ட்டிசால் என்ற அழுத்த ஹார்மோனும் வெகுவாக ஏறியது. இனம் ஒன்று, வயது ஒன்று. வளர்ந்த இடம்தான் வேறு. மூத்ததிடம் எப்போது பின்வாங்குவது, எப்போது மிரட்டலோடு நிறுத்திக்கொள்வது என்பதை இந்த விலங்கு பருவ வயதில் மற்ற கினிப்பன்றிகளிடம் கற்றுக்கொள்கிறது. கற்காத ஒன்றைத்தான் நாம் முரட்டுக் குணம் என்கிறோம்.

அப்படியானால் முதல் உறுமலிலேயே பிரித்துவிடும் அறிவுரை என்ன செய்கிறது? கற்க வேண்டிய வயதில் பள்ளியை மூடுகிறது. அதன் பிறகு ஆறு மாதம் கழித்துச் சேர்த்துவைக்கப் பார்த்தால் இரத்தம் வரும்; “பாத்தீங்களா, அப்பவே சொன்னேன்” என்பார்கள். தானே உண்டாக்கிய விளைவைத் தன் கருத்துக்குச் சான்றாகக் காட்டும் வாதம் இது.

இரத்தம் வருமளவுக்குக் கடி, இரண்டும் கட்டி உருண்டு புரளும் சண்டை, ஒன்று மற்றதைத் தீனிப் பக்கமே வரவிடாத நிலை: இவை பிரிப்பதற்கான காரணங்கள். வெறும் உறுமலுக்கும் துரத்தலுக்கும் வேண்டியது இடம். தீனித் தட்டு இரண்டு, தண்ணீர் இரண்டு, இரண்டு வாசல் உள்ள மறைவிடம் இரண்டு. ஒடுக்கமான கூண்டில் தோற்றது ஓடி விலக வழியில்லை. விலக முடியாதபோது தான் தோற்றுவிட்டதை எப்படித் தெரிவிக்கும்?

இன்னொரு காரணத்தையும் இங்கேயே சொல்ல வேண்டும். கடைகளில் ஆணும் பெண்ணும் ஒரே கூண்டில் கிடக்கின்றன. வாங்கி வரும் பெண் குட்டி ஏற்கெனவே சினையாக இருப்பது அரிதில்லை. அதிகம் தின்பது, தூக்கினால் நெளிவது, கூட இருப்பதை ஒதுக்குவது என்று ஒரு குட்டி மாறினால் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். வீட்டில் ஆணும் சேர்ந்திருந்தால், ஈன்ற சில மணி நேரத்திலேயே அது மறுபடி சினைப்பட முடியும்.

3. தனிமை பாசத்தை வளர்க்கும் என்பது எந்தக் கணக்கு?

ஒற்றையாக வைத்த குட்டி மனிதரைத் தேடி வரும் என்பது ஓரளவு உண்மை. போக்கிடம் இல்லாத விலங்கு இருக்கும் ஒரே துணையிடம் வரும். அதைப் பாசம் என்று நாம் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் நாம் பள்ளிக்கும் வேலைக்கும் போய்விட்ட எட்டு, ஒன்பது மணி நேரம் அந்தப் பாசத்தை வைத்து அது என்ன செய்யும்?

பழகிய துணை பக்கத்தில் இருக்கும்போது புது இடத்தின் அச்சம் கினிப்பன்றியின் இரத்தத்தில் கார்ட்டிசாலைக் குறைவாகவே ஏற்றுகிறது என்பதையும் சாக்சரின் குழு அளந்து காட்டியது. அறிமுகமில்லாத ஒன்றைக் கொண்டுவந்து வைத்தால் அந்த ஆறுதல் கிடைக்கவில்லை. துணை என்றால் இந்த விலங்குக்குக் குறிப்பிட்ட ஒரு ஜீவன்; கூட்டாளி இறந்த பிறகோ விற்கப்பட்ட பிறகோ குட்டி தின்னாமல் முடங்கினால் அதற்குக் காரணம் தேடி எங்கும் அலைய வேண்டாம். சுவிட்சர்லாந்து 2008-ம் ஆண்டின் விலங்குப் பாதுகாப்பு விதிகளில் கினிப்பன்றியை ஒற்றையாக வளர்க்கக் கூடாது என்றே எழுதிவைத்தது.

முயலைத் துணைக்குப் போடலாமே என்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊர்க் கடைகளில் இரண்டும் ஒன்றாகவே விற்கப்படுகின்றன. முயலிடம் நோய்க்குறி காட்டாமலேயே அதன் மூக்கில் வாழும் போர்டெடெல்லா என்ற பாக்டீரியா கினிப்பன்றிக்கு நிமோனியாவைக் கொண்டுவரும். முயல் பின்னங்காலால் விடும் உதை குட்டியின் எலும்பை உடைக்கும். முயலுக்குப் பயந்து மூலையில் ஒடுங்கிய குட்டியும் ‘சாது’ என்ற பெயரைத்தான் வாங்குகிறது.

4. வலி குணமாகத் தெரிவது ஏன்?

எல்லோரும் பேசும் நடத்தை மாற்றங்களில் உயிரைப் பறிப்பவை வலியால் வருபவைதான். வைட்டமின் சி-யை உடலில் தானே தயாரிக்கும் நொதி கினிப்பன்றிக்கு இல்லை. இதில் அது மனிதனைப் போல. 1907-ல் நார்வேயில் ஆக்சல் ஹோல்ஸ்ட், தியோடோர் ஃப்ரோலிச் என்ற இருவர், கப்பல் ஊழியர்களுக்கு வந்த நோயைப் புரிந்துகொள்ள, கினிப்பன்றிகளுக்குத் தானியத்தை மட்டும் கொடுத்து வளர்த்தார்கள். அவற்றுக்கு ஸ்கர்வி நோய் வந்தது. முட்டைக்கோஸ் கொடுத்ததும் தடுக்க முடிந்தது. வைட்டமின் என்ற பெயரே பிறக்காத காலத்தில் தெரிந்த செய்தி இது. நூறு ஆண்டுக்கு மேல் ஆகியும் நம் வீடுகளில் அதே தானியச் சோதனை தெரியாமல் நடந்துகொண்டிருக்கிறது.

ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 10 முதல் 30 மில்லிகிராம் வைட்டமின் சி வேண்டும். வளரும் குட்டிக்கும் சினைக்கும் மேல் அளவு. கிடைக்காவிட்டால் இரண்டு, மூன்று வாரத்தில் மூட்டு வீங்கி வலிக்கத் தொடங்கும். அப்போது குட்டி துள்ளாது. அசைய யோசிக்கும். தொட்டால் அலறும், தூக்கினால் கடிக்கும். வீட்டில் என்ன சொல்வார்கள்? “முன்னாடி நல்லா இருந்துச்சு, இப்ப முரடாயிடுச்சு.” வெள்ளரிக்காய், கேரட், கொஞ்சம் சோறு, பிஸ்கட், கடையில் தந்த முயல் தீவனம்: இந்தப் பட்டியலில் தேவையான அளவு வைட்டமின் சி இல்லை. முயல் அதைத் தானே தயாரித்துக்கொள்ளும். அதன் தீவனத்தில் அதைச் சேர்க்க யாருக்கும் அவசியமில்லை. கினிப்பன்றித் தீவனத்திலும் நாள்பட நாள்பட அது அழிந்துபோகும். தண்ணீரில் கலக்கும் சொட்டு மருந்தும் சீக்கிரம் வீரியம் இழக்கிறது. தண்ணீரின் ருசி மாறினால் குட்டி குடிப்பதையே குறைத்துவிடும். தினமும் ஒரு துண்டு குடைமிளகாயும் கொத்தமல்லித் தழையும், அவ்வப்போது சிறிது கொய்யாவும் கொடுப்பது நம் சந்தையில் கிடைக்கும் எளிய வழி.

பல்லைப் பாருங்கள். இருபது பற்களும் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். அவற்றைத் தேய்ப்பது நார் நிறைந்த புல்தான். அருகம்புல்லோ உலர்ந்த தீவனப்புல்லோ எப்போதும் கூண்டில் கிடக்க வேண்டும். மென்மையான தீனியிலேயே வளர்ந்தால் கடைவாய்ப் பற்கள் நீண்டு நாக்கை அழுத்தும். அப்போது குட்டி தீனிக்கு ஓடி வரும், வாயில் எடுக்கும், கீழே போடும். “ரொம்ப ஆகாத்தியம் பண்ணுது” என்று சொல்லப்படும் அந்தக் குட்டி பசியோடு நிற்கிறது.

தோலுக்கு வருவோம். டிரிக்சாகரஸ் என்ற நுண்பூச்சி தோலுக்குள் துளைத்தால் வரும் அரிப்பு சாதாரணமானதல்ல. கடுமையானால் குட்டி வலிப்பு வந்ததுபோல் துடிக்கும். முதுகைத் தடவப்போன கை கடிபடுவது அதன் முதல் அடையாளமாக இருக்கலாம்.

வயிறு எல்லாவற்றையும்விட அவசரம். ஓயாமல் தின்பதற்கென்றே அமைந்த குடல் இது. தீனி நின்றால் இயக்கமும் நின்றுபோகும். ஒரு கினிப்பன்றி அரை நாளுக்குமேல் ஒன்றும் தின்னவில்லை, புழுக்கை போடவில்லை என்றால் அது அன்றே மருத்துவரிடம் போக வேண்டிய நிலை. “மூடு சரியில்ல போல, நாளைக்குப் பாப்போம்” என்ற ஒரு வாக்கியத்துக்குள் எத்தனை குட்டிகள் செத்திருக்கும்! எதிர்ப்பக்கத் தவறும் உண்டு: மருந்துக் கடையில் அமாக்சிசிலின் வாங்கிக் கரைத்துக் கொடுப்பது. பென்சிலின் வகை மருந்தை வாய்வழி கொடுத்தால் இதன் குடலிலுள்ள நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து நச்சுக் கிருமி பெருகும். குட்டி மருந்தாலேயே இறக்கும்.

இரையாகும் விலங்கு வலியைக் காட்டிக்கொடுக்காது. காட்டினால் முதலில் பிடிபடுவது அதுதான். ஆகவே நம் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு நடத்தை மாறிவிட்டதென்றால் உள்ளே பிரச்சினை தொடங்கிச் சில நாளாவது ஆகியிருக்கும். ‘பொறுத்துப் பார்ப்போம்’ என்பவர், குட்டி ஏற்கெனவே பொறுத்த நாள்களைக் கணக்கில் எடுப்பதில்லை.

5. மே மாதத்துச் சோம்பல்

கினிப்பன்றி குளிர்ந்த மலைநாட்டு விலங்கு. வியர்வையால் உடலைத் தணித்துக்கொள்ள முடியாது. 27 டிகிரி செல்சியசுக்கு மேல் போனாலே சிரமம் தொடங்குகிறது. சென்னையிலும் வேலூரிலும் கோடையில் 40-ஐத் தொடும் பிற்பகலில், பால்கனிக் கூண்டில் உடம்பை நீட்டிப் போட்டு மூச்சிரைக்கக் கிடக்கும் குட்டி ஓய்வெடுக்கவில்லை. நிழலான, காற்றோட்டமான அறை, தரையில் ஓடு, பக்கத்தில் துணி சுற்றிய குளிர்நீர்ப் புட்டி. கூண்டை மொட்டை மாடிக்குக் கொண்டுபோவது பற்றி யோசிக்கவே வேண்டாம்.

“அப்படியானால் ஒவ்வொரு உறுமலுக்கும் டாக்டரிடம் ஓடச் சொல்கிறீர்களா?” என்று கேட்பார்கள். இல்லை. மேலே சொன்னவற்றில் பாதி மருத்துவமே தேவைப்படாதவை. துள்ளல், உறுமல், ஒரு நாள் சூடு, வந்த முதல் சில நாள் ஒளிந்திருத்தல், மிக்சி சத்தத்தில் உறைதல், அந்தியிலும் விடியலிலும் கூடுதல் சுறுசுறுப்பு: இவற்றை விட்டுவிடலாம். எதை விடலாம், எதை விடக்கூடாது என்று பிரித்தறியத்தான் காரணம் தெரிய வேண்டும் என்கிறேன். எல்லாவற்றையும் ஒரே வார்த்தையால் மூடும் கருத்து, அலட்சியக்காரரை மேலும் அலட்சியமாக்குகிறது. பயந்தவருக்கோ பயத்தைத் தீர்க்க வழியே காட்டுவதில்லை.

“சில நூறு ரூபாய்ப் பிராணிக்கு ஆயிரக்கணக்கில் செலவழிப்பதா?” என்பது அடுத்த கேள்வி. விலை குறைந்த உயிருக்கு வலி குறைவு என்று எங்கும் நிரூபிக்கப்படவில்லை. செலவுக் கணக்கே பேசினாலும் தாமதம்தான் செலவை ஏற்றுகிறது. சிறு விலங்குகளைப் பார்த்துப் பழகிய மருத்துவர்கள் நம் ஊர்களில் குறைவு. வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி போன்ற இடம் எல்லா மாவட்டத்திலும் இல்லை. உதவி தொலைவில் இருக்கும்போது மாற்றத்தை முன்கூட்டியே கண்டுபிடிப்பதுதான் மலிவான வழி.

அதற்குத் தேவையானது சமையலறைத் தராசு. வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில், குட்டியை ஒரு கிண்ணத்தில் வைத்து நிறுத்து எழுதுங்கள். வளரும் குட்டி முதல் சில மாதங்களில் வாரந்தோறும் சில பத்து கிராம் கூட வேண்டும். ஒரு வாரம் கூடாமல் நின்றால் புல்லையும் பல்லையும் தோலையும் பாருங்கள். குறைந்திருந்தால் மருத்துவரைப் பாருங்கள். பக்கத்திலேயே அதன் வயது, கூட இருப்பது யார், என்ன தின்றது, என்று முதல் எப்படி மாறியது என்பதையும் ஒரு வரி எழுதிவையுங்கள். இதுவரை கினிப்பன்றியைத் தொட்டே பார்க்காத கால்நடை மருத்துவர்கூட அந்தத் தாளைப் படித்தால் எங்கே தேட வேண்டும் என்று கண்டுகொள்வார். “குணம் மாறிடுச்சு டாக்டர்” என்று மட்டும் சொன்னால் அவர் எதைத் தேடுவார்?